அப்பாவின் பென்னிகளைப் புளி போட்டுத் துலக்காதீர்கள்

கேள்வி: என் அப்பா 1964-ல் லண்டனுக்கு வந்து, பஸ் கண்டக்டராக வேலை பார்த்தவர். சென்ற ஆண்டு காலமானார். அவருடைய அலமாரியில் மூன்று பிஸ்கட் டின் நிறையப் பழைய பென்னிகளும், காசு பதிக்கும் நீல அட்டைகள் இரண்டும், ஒரு சின்னத் தோல் பையும் இருந்தன. டின்கள் மட்டும் பதினொரு கிலோ. பைக்குள் ஆறு காசுகளைத் தனித்தனியாக டிக்கெட் காகிதத்தில் சுற்றி வைத்திருக்கிறார்: 1869, 1902, 1912, 1918, 1919, 1926. கூடவே ஒரு நோட்டு. அதில் ஆண்டுவாரியாக டிக் போட்டிருக்கிறார். 1933-க்கு எதிரே மட்டும் கேள்விக்குறி. ஒரு வியாபாரி வீட்டுக்கு வந்து, எல்லாவற்றுக்கும் சேர்த்து 150 பவுண்டு தருகிறேன் என்றார். தம்பியோ, ஒரு பென்னியே லட்சம் பவுண்டுக்கு மேல் போயிருக்கிறது, அவசரப்படாதே என்கிறான். விற்கும்போது பளிச்சென்று இருக்கட்டும் என்று நாற்பது காசுகளைப் புளி போட்டுத் துலக்கினேன். உண்மையில் இவற்றின் மதிப்பு என்ன? எப்படி விற்பது?

– ஒரு வாசகி, லண்டன்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தப் புளியை அடுப்படிக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள். குத்துவிளக்கையும் செப்புக் குடத்தையும் துலக்கிப் பழகிய கைக்குக் கறுத்த காசைக் கண்டால் சும்மா இருக்க முடியாது, எனக்குப் புரிகிறது. ஆனால் பென்னியின் மேல் இருக்கும் அந்தப் பழுப்பு அழுக்கல்ல, அது காசின் தோல். வெண்கலம் காற்றோடு பழகிப் பழகி, பல பத்தாண்டுகளில் தானே போர்த்திக்கொண்டது. புளியின் அமிலம் அதை உரித்துவிடும்; உள்ளே இருக்கும் உலோகம் இளஞ்சிவப்பாக வெளியே வரும். சேகரிப்பவர்கள் அந்த நிறத்தை எட்ட நின்றே கண்டுபிடித்துவிடுவார்கள். அப்புறம் அந்தக் காசு எத்தனை அபூர்வமானாலும் பாதி விலைக்குக்கூடத் தடுமாறும்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் ஓர் அம்மா தன் கணவரின் காசுகளைக் கொண்டுவந்தார். பித்தளை பாலிஷ் போட்டு ஒவ்வொன்றையும் கண்ணாடிபோலத் தேய்த்திருந்தார். அதில் ஒன்று, தேய்க்காமல் விட்டிருந்தால் நூற்றுக்கணக்கான பவுண்டு பெற்றிருக்கும். ஒரு வாரம் உட்கார்ந்து தேய்த்ததாகச் சொன்னார். அவரிடம் உண்மையைச் சொல்ல நான் பட்ட பாடு இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் இந்தப் பதிலில் புளிக்கு முதலிடம்.

துலக்கிய நாற்பதைப் பற்றி மிகவும் வருந்தாதீர்கள். டின்னின் மேலாக இருந்ததை எடுத்திருப்பீர்கள். பெரும்பாலும் 1960-களின் எலிசபெத் காசுகளாகவே இருக்கும். இழப்பு சிறியது. வேறு ஒன்று மட்டும் செய்யுங்கள். அவற்றைக் காய்ச்சி வடித்த நீரில் இரண்டு முறை அலசி, மெத்தென்ற துணியில் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். புளிச் சாறு எழுத்துகளின் இடுக்கில் தங்கினால் அங்கே பச்சைக் களிம்பு ஏறும். பிறகு அவற்றைத் தனி உறையில் போட்டு, "துலக்கியது" என்று எழுதிவிடுங்கள். நல்ல காசுகளோடு கலக்கக் கூடாது.

சரி, மதிப்புக்கு வருவோம்.

உங்கள் தம்பி சொல்வது பொய்யல்ல. 1933 பென்னி லட்சத்தைத் தாண்டிய விலைக்குப் போனது உண்மை. ஆனால் அந்த ஆண்டு புழக்கத்துக்கென்று பென்னியே அச்சிடப்படவில்லை, ஏற்கெனவே நாட்டில் போதுமான சில்லறை இருந்தது. அருங்காட்சியகங்களுக்கும், அந்த ஆண்டு எழுந்த சில கட்டடங்களின் அடிக்கல்லுக்குக் கீழே வைப்பதற்கும் என்று ஏழெட்டு மட்டும் அடித்தார்கள். லீட்ஸில் ஒரு தேவாலயத்தின் அடிக்கல்லுக்குக் கீழே இருந்ததை 1970-ல் திருடியே விட்டார்கள். இந்தக் கதை ஊரெல்லாம் பரவியிருந்ததால், 1960-களில் இங்கே பாதிப் பேர் தங்கள் சில்லறையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாள் முழுக்கக் காசு கைமாறும் கண்டக்டரைவிட அதற்கு வாய்ப்புள்ளவர் யார்? உங்கள் அப்பாவின் நோட்டில் இருக்கும் கேள்விக்குறிக்கு அர்த்தம் அதுதான். டின்னுக்குள் 1933 என்று ஒன்று தட்டுப்பட்டால் என்னை உடனே கூப்பிடுங்கள், ஆனால் அதற்குள் கனவு காணவேண்டாம். 1935 போன்ற காசுகளின் கடைசி இலக்கத்தைச் செதுக்கி மாற்றியவை நிறைய உலவுகின்றன. நினைவுப் பொருளாக விற்ற நகல்களும் உண்டு. உருப்பெருக்கியில் பார்த்தால் கடைசி 3-ஐச் சுற்றி உளிபட்ட கீறல் தெரியும்.

அடுத்து டின்கள். பழைய பென்னியின் எடை 9.45 கிராம், 48 காசு சேர்ந்தால் சரியாக ஒரு ராத்தல். பதினொரு கிலோ என்றால் ஆயிரத்து நூற்றைம்பதுக்கு மேல் காசுகள் இருக்கும். அன்றைய கணக்கில் 240 பென்னி ஒரு பவுண்டு. ஆக, அப்பா இத்தனை ஆண்டு காத்த மூன்று டின்னின் முகமதிப்பு ஏறக்குறைய ஐந்து பவுண்டுதான். 1971 பிப்ரவரி 15-ல் தசமக் காசுக்கு மாறினார்கள்; அந்த ஆண்டு ஆகஸ்ட் முடிவோடு பழைய பென்னி செல்லாமல் போயிற்று. இன்று எந்த வங்கியும் வாங்காது. தேய்ந்த சாதாரணப் பென்னிகள் சந்தையில் கிலோக் கணக்கில்தான் கைமாறுகின்றன. பழசு என்பதால் விலை வருவதில்லை என்பதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். 1967 என்ற ஆண்டு பொறித்து மட்டும் 65 கோடிக்கு மேல் அடித்திருக்கிறார்கள். நூறாண்டைத் தாண்டிய ஐந்தாம் ஜார்ஜ் பென்னியும் கோடிக்கணக்கில் இருக்கிறது.

அதனால் அந்த 150 பவுண்டு, டின்கள் மூன்றுக்கு மட்டும் என்றால் அநியாய விலை என்று சொல்லமாட்டேன். ஆனால் அவர் கேட்டது நீல அட்டையும் தோல் பையும் சேர்த்து. அங்கேதான் பொறுங்கள் என்கிறேன்.

அந்தத் தோல் பையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். உங்கள் அப்பாவின் கை வழியாக லட்சக்கணக்கில் காசு போயிருக்கும். அன்றைக்கு ஒரு கைப்பிடிச் சில்லறையில் விக்டோரியா, ஏழாம் எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ், ஆறாம் ஜார்ஜ், எலிசபெத் என்று ஐந்து தலைகள் இருக்கும். 1860-ல் அடித்த வெண்கலப் பென்னிகூட அப்போது செல்லும். அந்தக் குவியலிலிருந்து ஆறே ஆறைப் பிரித்து, தன் டிக்கெட் இயந்திரத்தின் காகிதத்திலேயே சுற்றி வைத்திருக்கிறார். நீங்கள் எழுதியிருக்கும் ஆறு ஆண்டுகளைப் படித்ததுமே, இவர் விஷயம் தெரிந்து பொறுக்கியிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. விவரம் தெரியாதவர் 1869-ஐ எடுப்பார், பழசாயிற்றே என்று, 1926-ஐ எடுக்கமாட்டார்.

ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். காசை விளிம்பில் பிடித்து, கீழே ஒரு துண்டை விரித்துக்கொண்டு பாருங்கள்.

1912, 1918, 1919 மூன்றிலும் ஆண்டு எண்ணுக்கு இடப்பக்கம் கூர்ந்து பாருங்கள். லண்டன் டவர் ஹில்லில் இருந்த அரசு நாணயச் சாலையால் சமாளிக்க முடியாத ஆண்டுகளில், பர்மிங்ஹாமில் இருந்த தனியார் ஆலைகளுக்கு வேலையைக் கொடுத்தார்கள். ஹீட்டன் ஆலையில் அடித்ததில் எச் என்ற எழுத்து சின்னதாக இருக்கும். கிங்ஸ் நார்ட்டன் ஆலையில் அடித்ததில் கே, என் என்ற இரண்டு எழுத்துகள். எழுத்தே இல்லையென்றால் சாதாரணக் காசு. 1912 எச் நிறையக் கிடைக்கும். 1918, 1919 எச் விலை கொஞ்சம் மேல். கே.என். இருந்தால் அதற்கும் மேல்: நன்றாகத் தேய்ந்திருந்தால் சில பவுண்டு, அச்சிலிருந்து வந்தமாதிரி இருந்தால் பல நூறு பவுண்டு. பஸ்ஸில் கிடைத்த காசு ஐம்பது ஆண்டு பைகளில் உரசியது என்பதால், முதல் வகையாகத்தான் இருக்க வாய்ப்பு அதிகம் என்று இப்போதே சொல்லிவைக்கிறேன்.

1902-ல் பின்பக்கம் பாருங்கள். சூலமும் கேடயமுமாக அமர்ந்திருக்கும் பிரிட்டானியாவுக்குப் பின்னால் கடல் ஒரு கோடாக ஓடும். அந்தக் கோடு, அவள் கால்கள் ஒன்றையொன்று தாண்டும் இடத்திலேயே வந்து முட்டினால் அது "தாழ்ந்த அலை" என்று சேகரிப்பவர்கள் தேடும் ரகம். அதற்கு மேலே முட்டினால் வழக்கமான காசு.

1869 விக்டோரியா அந்த வரிசையிலேயே கிடைக்கக் கடினமான ஆண்டுகளில் ஒன்று; இருபத்தைந்து லட்சம் சொச்சம்தான் அடித்தார்கள். ஆனால் 1960-கள் வரை நூறாண்டு உழைத்த காசு ராணியின் முகம் நிழலாகத் தேய்ந்துதான் வந்திருக்கும். ஆண்டு தெளிவாகப் படிக்க முடிந்து, கூந்தலில் நாலு இழையாவது பிரிந்து தெரிந்தால், பையில் இருப்பதில் இதற்கு நல்ல விலை வரலாம்.

நான் முதலில் பார்க்க விரும்புவது 1926. ஐந்தாம் ஜார்ஜின் தலை பெரிதாக இருந்ததால், அச்சடிக்கும்போது உலோகமெல்லாம் அந்தப் பக்கமே இழுபட்டு, பின்பக்கம் பிரிட்டானியாவின் மேல் அரசர் தலையின் நிழல் பேய்போல விழுந்துகொண்டிருந்தது. பழைய பென்னிகளைச் சாய்த்துப் பிடித்தால் நீங்களே அந்த நிழலைப் பார்க்கலாம். அதைச் சரிசெய்யத் தலையைத் திருத்திச் செதுக்கினார்கள். 1926-ல் பெரும்பாலான காசு பழைய தலையோடும், கொஞ்சம் மட்டும் திருத்திய தலையோடும் வந்தன. அடையாளம் கழுத்தின் அடியில் இருக்கிறது. செதுக்கியவர் பெர்ட்ராம் மெக்கெனலின் முதலெழுத்துகள் பி, எம் அங்கே பொடியாக இருக்கும். எழுத்துகளுக்கு இடையே புள்ளியோடு கழுத்தின் நடுப்பக்கம் இருந்தால் பழைய தலை. புள்ளியில்லாமல் பின்கழுத்துப் பக்கம் தள்ளி இருந்தால் திருத்திய தலை. திருத்திய தலை என்றால், தேய்ந்த காசுக்கும் பத்து பத்தாகப் பவுண்டு கூடும், நல்ல நிலையில் நூறுகள். உங்கள் அப்பா அந்தக் காசைத் தனியே சுற்றி வைத்ததற்கு இதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

நீல அட்டைகளில் இரண்டு குழிகளை மட்டும் பாருங்கள்: 1950, 1951. முதலாவது இரண்டு லட்சத்து நாற்பதாயிரம், இரண்டாவது ஒரு லட்சத்து இருபதாயிரம்தான் அடித்தார்கள்; பெரும்பகுதி பெர்முடா தீவுக்குக் கப்பலேறிவிட்டது. இரண்டும் நிறைந்திருந்தால் நல்ல செய்தி. 1951 நல்ல நிலையில் சில பத்துப் பவுண்டு பெறும். காசை அட்டையிலிருந்து நெம்பி எடுக்க வேண்டாம், விளிம்பு கீறும். 1923 முதல் 1925 வரை, 1941 முதல் 1943 வரை அந்த ஆண்டுகள் பொறித்த பென்னியே இல்லை. நோட்டில் அந்த ஆண்டுகள் விடுபட்டிருந்தால் அப்பா தவறவிட்டார் என்று நினைக்காதீர்கள். அப்புறம், 1944 முதல் 1946 வரையுள்ள காசுகள் மற்றவற்றைவிடக் கறுப்பாக இருக்கும். போர்க்காலத்தில் நாணயச் சாலையே ரசாயனம் போட்டுக் கறுக்க வைத்து அனுப்பியது. அதையும் துலக்கத் தோன்றும், வேண்டாம்.

நேரம் கிடைத்தால் உங்கள் பிள்ளைகளிடம் 1948, 1949 காசுகளை அருகருகே வைத்துக் காட்டுங்கள். முதலாவதில் அரசர் தலையைச் சுற்றியுள்ள எழுத்தில் "இண்ட் இம்ப்" என்று வரும். இந்தியாவின் பேரரசர் என்பதன் லத்தீன் சுருக்கம். அடுத்த ஆண்டுக் காசில் அது இல்லை. நம் பக்கத்து விடுதலை லண்டன் சில்லறையில் பதிந்த இடம் அது. இதற்கு விலை எதுவும் கூடாது, ஆனால் எனக்கு இந்த இரண்டு காசுகள்மேல் தனிப் பிரியம்.

டின்களை எப்படிப் பிரிப்பது? அரசர் வாரியாக ஐந்து குவியல் போடுங்கள். எலிசபெத்தையும் ஆறாம் ஜார்ஜையும் ஓர் இரவில் முடித்துவிடலாம். 1950, 1951 தவிர நின்று பார்க்க அதிகமில்லை. ஐந்தாம் ஜார்ஜில் அந்தச் சின்ன எழுத்துகளையும் 1926-ஐயும் தேடுங்கள். விக்டோரியாவில் நேரம் செலவிடுங்கள். ஒவ்வொரு குவியலிலும் மற்றவற்றைவிடப் பளபளப்பாக, அரசரின் காதும் மீசையும் கூர்மையாகத் தெரிகிற காசைத் தனியே வையுங்கள். சாதாரண ஆண்டேயானாலும், இடுக்குகளில் அச்சிட்ட நாளின் செந்நிறம் மிச்சமிருக்கிற காசு தேய்ந்த காசைப்போலப் பல மடங்கு பெறும். எங்கள் தொழிலில் விலையைத் தீர்மானிப்பதில் ஆண்டு பாதி, நிலை மீதிப் பாதி. ஒரு நிலை மேலே போனால் விலை இரட்டிப்பாகும். அதனால்தான் காசை விற்பவர் "மிக நன்று" என்பார், வாங்குபவர் "நன்று" என்பார்.

பிரித்தவற்றைச் சாதாரண பிளாஸ்டிக் உறையில் போடாதீர்கள். மெத்தென்று வாசம் வீசும் பி.வி.சி. உறைகள் சில ஆண்டில் பச்சைப் பசையாகக் கசிந்து காசைத் தின்னும். அமிலமில்லாத காகித உறை போதும்.

விற்பதற்கு மூன்று வழிகள். டின் சரக்கை வியாபாரியிடமே மொத்தமாகக் கொடுங்கள். இணையத்தில் ஒவ்வொன்றாகப் படம் எடுத்துப் போட்டு, அஞ்சல் செலவு கட்டி விற்றால் உங்கள் உழைப்புக்குக்கூடக் கட்டாது. நீல அட்டைகளை அட்டையாகவே இணைய ஏலத்தில் போடலாம், அந்தக் காலத்து ஞாபகத்துக்காகவே வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் 1951 இருந்தால் அதன் நெருங்கிய படமும் போட வேண்டும். தோல் பைக் காசுகளில் இரண்டு மூன்று தேறினால் நாணய ஏல நிறுவனத்துக்குக் கொண்டுபோங்கள். விற்பவரிடம் அவர்கள் எடுக்கும் கமிஷன், படத்துக்கும் காப்பீட்டுக்கும் தனிக் கட்டணம் உண்டா, விற்காமல் திரும்பினால் என்ன செலவு, இந்த மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாங்குபவரிடமும் அவர்கள் தனியாக ஒரு பங்கு எடுப்பார்கள். அவர் அதைக் கழித்துக்கொண்டுதான் ஏலம் கேட்பார் என்பதை மறக்கவேண்டாம்.

விலைப்பட்டியல் புத்தகத்தைப் பார்த்துவிட்டு ஏமாறாதீர்கள். அதில் இருப்பது வியாபாரி விற்கும் விலை. அவர் உங்களிடம் வாங்கும்போது அதில் பாதியை ஒட்டித் தந்தாலே நியாயமானவர். கடை வாடகை, காசு விற்காமல் கிடக்கும் ஆண்டுகள் எல்லாம் மீதிப் பாதியில்தான் அடங்கவேண்டும். பிரிட்டிஷ் நியூமிஸ்மேடிக் டிரேட் அசோசியேஷன் என்ற சங்கத்தின் உறுப்பினர்களில் இரண்டு பேரிடமாவது தனித்தனியாகக் காட்டுங்கள். வீட்டுக்கே வந்து, "இன்றைக்கே முடிவு சொல்லுங்கள்" என்று அவசரப்படுத்துகிறவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். உங்கள் வீட்டுக்கு வந்தவர் அப்படி அவசரப்படுத்தினாரா என்று நீங்கள் எழுதவில்லை. தோல் பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு 150 என்றாரா, பார்க்காமலே சொன்னாரா என்பதும் தெரியவில்லை. பார்த்துவிட்டுச் சொல்லியிருந்தால் அவரிடம் மறுபடி போகவேண்டாம்.

வரி பற்றிச் சுருக்கமாக: அப்பாவின் சொத்துக் கணக்கு கொடுக்கும்போது, அவர் மறைந்த நாளன்று இவை சந்தையில் என்ன பெறுமோ அந்த மதிப்பைக் காட்டவேண்டும், முகமதிப்பையோ பட்டியல் விலையையோ அல்ல. ஏற்கெனவே கணக்குக் கொடுத்தாயிற்று என்றால், அதைச் செய்துகொடுத்த வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். விற்கும்போது, ஒரு பொருள் 6,000 பவுண்டுக்குள் போனால் ஆதாய வரி இல்லை. உங்களுக்கு அந்தக் கவலை வராது.

தம்பியோடு பங்கு போடுவதாக இருந்தால், விற்பதற்கு முன்பே இருவரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு பட்டியல் எழுதி, படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காசு நூறு பவுண்டு பெறாத வீட்டில்கூட அக்கா தம்பி பேச்சு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். முதலில் உட்கார்ந்து பிரிக்கும் வேலையை இருவரும் சேர்ந்தே செய்தால் நல்லது; அப்பா எப்படி ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்திருப்பார் என்பது அப்போதுதான் தெரியும்.

இனி செய்யவேண்டியது இது. தோல் பைக் காசுகள் ஆறையும், ஜன்னல் வெளிச்சத்தில், வெள்ளைக் காகிதத்தின் மேல் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் இரு பக்கமும் படம் எடுத்து அனுப்புங்கள். 1926-க்குக் கழுத்தின் அடிப்பாகம் தனியாக, பெரிதாக. எந்தக் காசு எந்த டிக்கெட் காகிதத்தில் இருந்ததோ அதையும் பக்கத்தில் வைத்து எடுங்கள். காகிதத்தில் பேனாவால் ஏதாவது எழுதியிருக்கிறாரா பாருங்கள். நேரில் வரும்போது நோட்டையும் கொண்டுவாருங்கள். அதை நான் விலைக்குக் கேட்கமாட்டேன், நீங்களும் யாருக்கும் கொடுக்காதீர்கள். 1926-க்கு எதிரே அவர் என்ன குறித்திருக்கிறார் என்று பார்க்கவேண்டும், அவ்வளவுதான்.